துப்பாக்கிக் குதிரைக்குக் கால் ஒடிந்த விஷயம்

திண்டிவனம் தாலுகா, மேல்சித்தாமூருக்குக் கிழக்கே,
விஷு வருடம், புரட்டாசி மாதம்.

விழுப்புரத்தில் வக்கீல் குமாஸ்தாவாகப் பேரோடும் புகழோடும் விளங்கும் சிரஞ்சீவி மைத்துனன் வேங்கடேசனுக்கு, அக்காள் புருஷன் சின்னதுரை ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காள் பாஞ்சாலியும் மாடு கன்றுகளும் க்ஷேமம். துப்பாக்கி மட்டும் க்ஷேமமில்லை. அது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. உன் க்ஷேமத்தைப் பற்றி எழுதும்போது அதை மீட்க என்ன வழி என்பதையும் சேர்த்து எழுது. கொல்லையில் மல்லாட்டை, உன் கோர்ட்டு பாஷையில் நிலக்கடலை, காய் பிடித்து நிற்கிறது. காட்டுப் பன்றிகள் எனக்கு முன்னால் பிடுங்க ஆரம்பித்துவிட்டன. இந்த மாதம் துப்பாக்கி வராவிட்டால் எங்களுக்குக் கொடிதான் மிச்சம்.

நம் பயிர்க்காவல் துப்பாக்கி உனக்குத் தெரியும். மருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய சாமான். ஆவணியில் ஒருநாள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு காவல் பரணிலிருந்து இறங்கினேன். பரணும் என்னோடு சேர்ந்து இறங்கிவிட்டது. எனக்கு இடுப்பில் பிடிப்பு, துப்பாக்கிக்குக் குதிரை ஒடிந்துபோயிற்று. குதிரை என்றால், விசையை இழுத்ததும் மடேரென்று விழுந்து மருந்தைப் பற்ற வைக்குமே, அந்தச் சுண்டுவிரல் அளவு இரும்பு. அதற்குக் குதிரை என்று பேர் வைத்த மகாபாவி யாரோ தெரியவில்லை, தெரிந்தால் அவன் மேல்தான் முதல் கேஸ் போடுவேன். கொல்லனிடம் கொண்டுபோனால், லைசென்ஸ் துப்பாக்கியில் ஓர் ஆணி மாற்றுவதற்கும் சர்க்கார் உத்தரவு வேண்டும் என்று கையை விரித்துவிட்டான். சரி, நாமோ சட்டத்துக்குப் பயந்தவர்கள், திண்டிவனம் போய் மனு எழுதும் பாண்டுரங்கத்தைப் பிடித்தேன்.

"துப்பாக்கிக் குதிரை ஒடிஞ்சிபோச்சுங்க, மாத்திக்கிறதுக்கு உத்தரவு வேணும்" என்றேன். பாண்டுரங்கம் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "வெறுமனே ஒடிஞ்சிதுன்னு எழுதினா மேல இருக்கிறவங்க மனசு இளகாதுங்க. எங்க ஒடிஞ்சிதுன்னு சொல்லுங்க" என்றார். "அடியிலதாங்க, காலாண்ட" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அவர் அதைக் கால் ஒடிந்த நிஜக் குதிரையாகவே இங்கிலீஷில் போட்டு, பல வருஷம் எனக்கு விசுவாசமாக உழைத்தது என்று தம் சொந்தச் சரக்கையும் இரண்டு வரி சேர்த்து, கைநாட்டு ஆசாமியாக இல்லாமல் கையெழுத்துப் போடத் தெரிந்த என்னிடம் பெருமையோடு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மனுவைப் படித்த வெள்ளைக்காரக் கலெக்டர் துரைக்குக் குதிரை என்றால் உயிராம். கண் கலங்கிவிட்டாராம். கலங்கிய கண்ணோடு ஓர் உத்தரவு போட்டார்: கால் ஒடிந்த குதிரையும் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருப்பது ஆபத்து, இந்த ஆள் குதிரையைச் சுட்டாலும் சுட்டுவிடுவான், ஆகையால் மாட்டு டாக்டர் குதிரையைப் பார்க்கிறவரை துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்க வேண்டும். குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்த கதை என் கதைதான்.

உத்தரவோடு கான்ஸ்டேபிள் இருதயராஜ் வந்தார். லைசென்ஸ்தாரர் வீட்டில் போலீஸ் எப்போது வேண்டுமானாலும் நுழையலாமாம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, "குதிரை எங்கங்க?" என்றார். மாட்டுக் கொட்டகையில் குனிந்து பார்த்தார், வைக்கோல் போரைச் சுற்றி வந்தார், கடைசியில் அடுக்களைக்குள் நுழைந்து ஒரு பானையைத் திறந்தார். உள்ளே கொள்ளு.

"கொள்ளு கீது, குதிரை எங்க?" என்றார், திருடனைப் பிடித்துவிட்ட குரலில்.

உன் அக்காளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "ரசம் வைக்கிறதுக்கு வச்சிக்கினு கீறேன். எங்க ஊட்ல அதைத் துண்றது இந்த மனுசன் ஒருத்தர்தான். வேணும்னா இவரை இட்டுக்கினு போங்க" என்றாள். கொள்ளு ஒரு பிடி சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ரசம்கூட இறங்கவில்லை.

மறுநாள் ஒடிந்த இரும்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போய் சப்இன்ஸ்பெக்டர் மேஜை மேல் வைத்தேன். "இதாங்க எஜமான் குதிரை" என்றேன்.

அவர் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரியாதாய்யா? நானுந்தான் பத்து துப்பாக்கி பார்த்துக்கினு இருக்கேன். ஆனா துரை குதிரைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. அவரு தப்பாப் புரிஞ்சிக்கினாருன்னு நான் எழுதி, என் வேலையை நானே கெடுத்துக்கணுமா? பேஜாரு பண்ணாத. நாலு காலோட இட்டுக்கினு வா."

வேங்கடேசா, நீ சட்டம் படித்தவர்களோடு பழகுகிறவன். நீயே சொல். துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு எத்தனை நிபந்தனை! மருந்து எவ்வளவு, ரவை எவ்வளவு, எந்தக் கொல்லையில் சுடலாம், பானையில் என்ன வேகலாம் என்பது வரை பார்க்கிறார்கள். பன்றிக்கு லைசென்ஸ் உண்டா? அதன் கோரைப்பல்லை அளந்தவர் உண்டா? சட்டசபை இப்போது கூடுவதில்லையாமே. கூடுகிற காலத்தில் உன் வக்கீல் ஐயாவைக் கொண்டு இந்தத் துப்பாக்கிச் சட்டத்தை அடியோடு திருத்தச் சொல். போலீசுக்குள்ள அதிகாரம் அடுக்களை வாசற்படியோடு நிற்க வேண்டும். இங்கிலீஷ் மனுவோடு தமிழ் தெரிந்த ஓர் ஆளும் துரையிடம் போக வேண்டும். பொய் சொல்ல எனக்குத் தெரியாது. இல்லாத குதிரையை இருக்கிறது என்று என் உயிர் போனாலும் சொல்லமாட்டேன். இதை நீ எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம்.

உங்கள் பக்கத்துத் திருவாமாத்தூர் சுவாமிக்கு முதல் மூட்டை மல்லாட்டை என்று உன் அக்காள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். பன்றிகளும் ஏதாவது வேண்டிக்கொண்டிருக்கும். சுவாமி யார் பக்கம் என்று இதுவரை தெரியவில்லை. உன் சம்சாரமும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், போலீஸ் கண்ணில் படாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நியாயம் தவறாத உன் அக்காள் புருஷன்,
சின்னதுரை.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் சமயம் இருதயராஜ் திரும்பவும் வந்தார். குதிரை இல்லையென்றால் மனுவில் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டதாக லைசென்ஸ் ரத்தாம், மேலே கேஸாம். வெள்ளிக்கிழமை மாட்டு டாக்டர் முன்னால் குதிரையை நிறுத்தினால் அன்றைக்கே துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். ஆகையால் மேலே எழுதியது எதையும் யாரிடமும் படித்துக் காட்டாதே. சட்டம் இருக்கிறபடியே இருக்கட்டும், ரொம்ப நல்ல சட்டம். விழுப்புரம் ரயில் ஸ்டேஷனில் நிற்கும் ஜட்கா வண்டிக்காரர்களிடம் சொல்லி, ஜல்தியாக எனக்கு ஒரு குதிரை அனுப்பு. கால் ஒடிந்ததாகவே பார்த்து வாங்கு. மாமா மேல் உள்ள பிரியத்தில் நல்ல குதிரையாக அனுப்பிவிடாதே, என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள்.