ஆழ்வாப்பிள்ளையின் கோபமும் சாட்டித் தண்ணீரும்

ஞாயிற்றுக்கிழமை நயினாதீவிலிருந்து மகள் மனோகரியைப் பொம்பிளை பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த அன்றே, தன் கோபத்தை ஒழிப்பதென்று ஆழ்வாப்பிள்ளை தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவரும் அவர், வழிமொழிந்தவரும் அவர்.

வேறு வழியில்லை. முன்பு வந்த சம்பந்தங்கள் அவருடைய வாயால்தான் முறிந்தன. சீதனம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கதிரையில் ஏறி நின்று அதை எதிர்த்துப் பேசத் தொடங்கிவிடுவார். கட்சி மேடைக்குப் பழகிய தொண்டை. இதுவும் முறிந்தால் மகள் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்ற பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கட்சித் துண்டுப்பிரசுரங்களில் படித்த வழி ஒன்று இருந்தது. முதலில் சுயவிமர்சனம், பிறகு தண்டனை. வேலணையில் அவர் வீட்டுக் கிணறு உப்பு. ஆகவே கோபம் வரும்போதெல்லாம் சைக்கிளில் நன்னீர்க் கிணறுள்ள சாட்டிக்குப் போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் அள்ளி வருவது.

"நல்ல யோசினை," என்றாள் மனைவி சறோஜினிதேவி.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவருடைய யோசனையைப் புகழ்ந்ததில்லை. அங்கேயே அவர் விழித்திருக்கவேண்டும்.

"இஞ்சை வைச்ச சுருட்டெங்கை?"

"கோழி தட்டி விழுத்தினது. கூட்டி அள்ளி எறிஞ்சிட்டன்."

"உமக்கென்ன கண் தெரியாதோ?"

"குடம் குசினி வாசலிலை இருக்குது."

சாட்டி வழி முழுக்க எதிர்காற்று. இடையில் ஆமி ஹெலியின் சத்தம் கேட்டு, சைக்கிளோடு பனை வடலிக்குள் விழுந்து கிடந்துவிட்டு வந்தார். முற்றத்தில் குடத்தை இறக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"நீயொரு மனிசனே? நாட்டைத் திருத்த வெளிக்கிட்ட மூஞ்சை."

"ஆரைப் பேசுறியள்?"

"என்னைத்தான்."

"அதுவும் கோபம்தானே. இன்னொரு குடம்."

"இது அநியாயம்."

"நீங்கள் போட்ட சட்டம்."

சனிக்கிழமை பின்னேரம் குசினியில் கால் வைக்க இடமில்லை. அண்டா, கிடாரம், வாளி எல்லாம் நிறைந்து நின்றன. ஒவ்வொன்றும் தன் தோல்விக்குச் சாட்சி சொல்வதாக அவருக்குப் பட்டது. தன்னைத் திட்டவும் பயம். கால்கள் இனிச் சாட்டியைத் தாங்கா. கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, தன்னோடு மெல்லப் பேசினார்.

"பரவாயில்லை ஆழ்வாப்பிள்ளை. நீயும் மனிசன்தானே. மெல்ல மெல்ல வரும்."

நெஞ்சுக்குள் ஏதோ கட்டு அவிழ்ந்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பன் கதிர்காமு கதிரையில் சாய்ந்தார்.

"சீதனமாய் இந்த வளவு முழுக்கப் பெட்டைக்குத்தானே?"

குசினி வாசலில் தாயும் மகளும் எட்டிப் பார்த்தார்கள். ஆழ்வாப்பிள்ளையின் தொண்டை அரித்தது. பரவாயில்லை, பரவாயில்லை.

"அதைப் பிள்ளையள் கதைச்சு முடிவெடுக்கட்டும், அண்ணை. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

கதிர்காமு ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"இப்பிடித் தேத்தண்ணி எங்கடை பக்கத்திலை குடிச்சதில்லை. பெடியனுக்கும் பெட்டையைப் பிடிச்சிருக்கு. சரி, ஆவணியிலை வைப்பம்."

அவர்கள் போனதும் ஆழ்வாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினார்.

"பார்த்தீரோ? கோபத்தை வெண்டிட்டன். இனி என்னை நான் தண்டிக்கிறேல்லை."

சறோஜினிதேவி அலுமாரியைத் திறந்து, முழுதாக ஒரு கட்டுச் சுருட்டை எடுத்து நீட்டினாள்.

"கோழி தட்டேல்லையோ?" என்றார்.

"வாறவைக்கு உப்புத்தண்ணியிலை தேத்தண்ணி குடுக்க ஏலுமே?"

கோபம் காலிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. மூச்சை இழுத்துவிட்டார். தன்னை மன்னித்தார். அவளையும் மன்னித்தார். சிரிக்கக்கூடச் செய்தார்.

அவள் முகம்தான் வாடியது.

"இப்பவே இப்பிடிச் சாந்தமாகிட்டியள். கலியாணத் தண்ணிக்கு நான் ஆரைக் கோபப்படுத்திறது?"