சாம்பிள் எப்படியோ அப்படியே

இதழின் அட்டையில் நிலா எங்கிருந்து வந்தது என்று நூர்ஜானுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் வரையச் சொன்னது ஓர் ஊசியும் நூலும் மட்டும்தான். இப்போது ஊசிக்கு மேலே ஒரு வட்டம், ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்து, அழகாகவே இருந்தது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அது போன வாரம் அவள் வைத்த டீ டம்ளரின் அடித்தடம்.

"கந்தவேலண்ணா, இதென்னங்க?"

"சாம்பிள்ல இருந்துச்சு கண்ணு" என்றார் அச்சகக்காரர் கந்தவேல், பெருமையாக. "அதே எடம், அதே ரவுண்டு. மேல வெச்சுப் பாரு, மயிரிழை தப்பாது."

கந்தவேலின் அச்சகத்தில் அதுவரை அடித்ததெல்லாம் பனியன் பெட்டி லேபிள்கள். ஒருமுறை வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொடுத்த சாம்பிளில் நீலக்கிளி இருந்தது. கிளி என்றால் பச்சைதானே என்று கந்தவேல் நல்ல மனதோடு பச்சையில் அடித்துவிட்டார். லாட் முழுவதும் ரிஜெக்ட். அன்று சுவரில் ஒரு பலகை மாட்டினார்: 'சாம்பிள் எப்படியோ அப்படியே.' அதற்குப் பிறகு ஐந்து கால் யானையை வரைந்து கொடுத்தாலும், கால்களைச் சரிபார்த்து ஐந்தையும் அடித்துக் கொடுப்பார்.

நூர்ஜான் உள்ளே புரட்டினாள்.

பக்கங்களை ஒட்டித் தயாரித்த மாதிரிப் படியில் அவள் சிவப்பு மையில் கிறுக்கியிருந்த குறிப்புகள் அத்தனையும் அச்சாகியிருந்தன. குறிப்பை வெளிர்நீலப் பென்சிலில்தான் எழுத வேண்டும், அச்சகத்துக் கேமராவுக்கு அது தெரியாது என்று வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அன்றைக்கு அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் குறிச்சிருக்கேன், பாத்து அடிங்கன்னு சொன்னேனேண்ணா!"

"பாத்துத்தான் அடிச்சேன் அம்மணி. உன்ற கையெழுத்து அச்சுல எவ்வளவு எடுப்பா வந்திருக்குது பாரு!"

திருப்பூரில் டைப்ரைட்டிங் வகுப்பு ஒன்றின் மாடியில் ஆறுமுகசாமி வாத்தியார் பதிப்புத் தொழிலுக்கு மாலை வகுப்பு நடத்தி வந்தார். மாணவர்கள் மூன்று குழுவாகப் பிரிந்து குழுவுக்கு ஓர் இதழ் கொண்டுவர வேண்டும். சென்னை வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் வீரணன் விழாவுக்கு வந்து ஓர் இதழைத் தேர்ந்தெடுப்பார். அதற்கு ஆசிரியராக இருந்தவருக்கு அவர் பத்திரிகையிலேயே உதவி ஆசிரியர் வேலை. விழா இன்று மாலை.

தன் குழுவுக்கு ஆசிரியரான நூர்ஜானுக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். அவள் அத்தா நஜீமுதீன் பனியன் கம்பெனி வைத்திருந்தார். "வேலை கெடச்சா மெட்ராசுல உங்க மாமி ஊட்டுல தங்கிக்க. கெடைக்கலீன்னா திங்கக்கெழமையிலிருந்து கம்பெனில உக்காரு" என்று சொல்லியிருந்தார். அவர் கோபக்காரர் அல்ல. சொன்னால் சொன்னபடி செய்கிறவர், அதுதான் சங்கடம்.

அவள் குழுவிலிருந்து கூட வந்திருந்த காசிமாயன், தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பகலில் கட்டிங் மாஸ்டருக்கு உதவியாள், மாலையில் கவிஞன். தன் கவிதைப் பக்கத்தை ஆவலாகத் திறந்தான். ஓரத்தில், 'காசி அழுவான், அதனால் இருக்கட்டும்' என்று இருந்தது.

"நான் அழுவேன்னு யாருங்க சொன்னா?" என்றான். குரல் தழுதழுத்தது.

"காசி, அத விடுங்க. இதப் பாருங்க."

வாத்தியாரின் கட்டுரைக்குப் பக்கத்தில், 'பாதியை வெட்டலாம். எந்தப் பாதி என்றாலும் சரி.' அதுகூடப் போகட்டும். முதல் பக்கத்தில் சிறப்பு விருந்தினர் வீரணனின் வாழ்த்துரை. அதன் கீழே அவளுடைய முத்து முத்தான எழுத்தில்: 'இரண்டாவது வரியிலேயே தூக்கம் வருகிறது. இதை எழுதிய கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் தமிழ் பிழைக்கும்.'

காசிமாயன் அழுகையை மறந்து வாயைப் பிளந்தான்.

"உங்க அத்தா கம்பெனியில பெட்டிக்கு ஒட்டுற வெள்ளை ஸ்டிக்கர் ரோலு கெடக்குமே. அத வச்சு மறைச்சுருவோம்" என்றான் கடைசியில்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேலம்பாளையத்தில் இருந்த கம்பெனிக்குப் போனார்கள். செக்கிங் டேபிளில் ஒச்சாயியும் மற்றப் பெண்களும் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூர்ஜான் வெள்ளை ரோலை மேசையில் வைத்தாள். ஓர் இதழை விரித்துத் தன் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"ஒச்சாயிக்கா, தப்பு எங்கெங்க இருக்குதோ அங்கெல்லாம் ஒட்டிருங்க. ஒண்ணுகூட விட்றாதீங்க."

"இத எங்களுக்குச் சொல்லணுமா பாப்பா? நீ போயிக் குளிச்சுட்டு வா" என்றாள் ஒச்சாயி.

குளித்து, நல்ல தாவணி கட்டிக்கொண்டு அவள் திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. வெள்ளை ரோல் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அதைச் சுட்டிக்காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்தான் இதழெங்கும் மின்னியது. ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் அம்பு. வாழ்த்துரைக் குறிப்புக்கு இருபுறமும் இரண்டு. அட்டையிலிருந்த டீக்கறைக்கும் ஒன்று, கேட்காமலே.

"அக்கா! மறைக்கத்தானே சொன்னேன்!"

"தப்ப மறைக்கிறதா? பத்து வருசமா இந்த டேபிள்ல நிக்கிறேன், அப்பிடி ஒரு வேலை செஞ்சதில்ல தாயி" என்று ஒச்சாயி வருத்தப்பட்டாள்.

நூர்ஜான் ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்துப் பார்த்தாள். கட்டுரையோடு அச்சாகியிருந்த வாத்தியார் படத்திலிருந்து மீசையும் கூடவே வந்தது. நன்றாக மழித்த ஆறுமுகசாமி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அழக்கூட நேரமில்லை. இதழே வரவில்லை என்று சொல்லிவிடுவதுதான் மானத்துக்கு நல்லது என்று முடிவு செய்தாள். வேலை போனால் போகிறது, வந்த பெரிய மனிதர் மனம் நோகக் கூடாது.

"எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சிருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு விழா மண்டபத்துக்குக் கிளம்பினாள்.

மண்டபத்தில் முன்வரிசையில் அத்தா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். விருந்தினர் இன்னும் வரவில்லை. காசிமாயன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"கட்டு போயிருச்சுங்க!"

"எங்க போச்சு?"

"அம்பு ஒட்டுன சரக்க ஒதுக்கினா அந்தக் கம்பெனியில எங்க போகும்? பழுதுச் சரக்கு போற செகண்ட்ஸ் வேன்ல ஏத்திக் காதர்பேட்டை மலிவு பனியன் கடைக்கு அனுப்பிட்டாங்க. டஜன் பனியன் வாங்குனா புத்தகம் இனாமுன்னு கூவி விக்கிறான்!"

"யாரு வாங்குவாங்க?" என்றாள் நூர்ஜான், ஈனக் குரலில்.

"எல்லாம் வெளியூர்க்காரங்கதான்."

அப்போதுதான் வாசலில் வீரணன் நுழைந்தார். திருப்பூருக்கு வருகிறவர்கள் எதற்காக வந்தாலும் முதலில் எங்கே போவார்களோ, அங்கே அவரும் போயிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு பை.

மேடையில் மற்ற இரண்டு இதழ்களையும் புரட்டிப் பார்த்து "நன்று, நன்று" என்றார். பிறகு நூர்ஜானைக் கூப்பிட்டார்கள்.

"எங்க இதழ் இன்னும் அச்சுல இருந்து வரலீங்க ஐயா" என்றாள் அவள்.

"அப்படியா?" என்ற வீரணன் குனிந்து, பைக்குள் பனியன்களுக்கு நடுவிலிருந்து இதழை உருவினார். சிவப்பு அம்புகள் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தன. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். காசி அழுவான் என்றதும் மண்டபம் சிரித்தது. எந்தப் பாதி என்றாலும் சரி என்றதும் வாத்தியாரைத் தவிர எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அவர் முதல் பக்கத்துக்கு வந்தார். அதையும் ஓர் எழுத்து விடாமல் படித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. நஜீமுதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது யார் கையெழுத்து?"

காசிமாயன் எழுந்து "அச்சகத்துல ஏதோ..." என்று ஆரம்பித்தான். நூர்ஜான் அவனை உட்காரச் சொன்னாள். எவ்வளவு நேரம்தான் ஒட்டி மறைப்பது என்று அவளுக்கே அலுத்துவிட்டது.

"என்ற கையெழுத்துதாங்க ஐயா."

"இதை அச்சுல போடணும்னு நினைச்சீங்களா?"

"இல்லீங்க. அது தப்பா நடந்து போச்சுங்க. ஆனா படிச்சப்ப எனக்குத் தோணுனது அதுதானுங்க."

வீரணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"அந்த வாழ்த்துரையை என் பேர்ல எழுதினது எங்க உதவி ஆசிரியர். அந்தக் கைக்குப் போன வாரமே ஓய்வு குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டுத்தாம்மா, அந்த நாற்காலிக்கு ஆள் தேடி இந்த ஊருக்கு வந்திருக்கேன்!"