பேச்சியின் காரில் ஏறிய கல்

ஒரு காட்டில் கார்ப் பந்தயம் நடந்தது. காட்டில் ஏது கார் என்று என்னிடம் கேட்காதீர்கள். தனசேகர் என்ற பன்றிக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்ட ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். அவன் அப்பா தன் நிலத்திலேயே தடம் போட்டுக் கொடுத்து, நரியாரைக் கமிட்டித் தலைவராகவும் உட்கார வைத்தார். சீசனுக்கு நாலு பந்தயம். மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை.

அங்கே கார் கழுவும் கொட்டகையில் பேச்சி என்றொரு கீரி வேலை பார்த்தாள். ஓட்டைக் கார் ஒன்றைத் தானே சரிசெய்துகொண்டு பந்தயத்துக்கு வந்து நின்றாள். கோப்பை வாங்கினால் அடுத்த வருடமும் ஓட்டலாம், இல்லாவிட்டால் திரும்பக் கொட்டகைதான் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

முதல் பந்தயத்தில் பேச்சி ஜெயித்தாள். தனசேகர் கடைசி. நரியார் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்த பெரிய கல் ஒன்றைக் கொடுத்தார்.

"என்னங்க ஐயா இது?"

"வெற்றிக்கல்மா. ஜெயிக்கிறவங்க இதைக் கார்ல ஏத்திக்கிட்டுத்தான் இனிமே ஓட்டணும். அப்பதானே எல்லாருக்கும் சம வாய்ப்பு?"

பாவி மகள், அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்! அடுத்ததிலும் ஜெயித்தாள். இன்னொரு கல். கார் முக்கியது.

மூன்றாவதில்தான் அவளுக்கு உறைத்தது. மெதுவாக ஓட்டி நான்காவதாக வந்தாள். அப்போதும் நரியார் கல்லோடு வந்தார்.

"நான்தான் ஜெயிக்கலையே!"

"வேணும்னே மெதுவா ஓட்டினியே, அதுக்கு அபராதக் கல்."

"தனசேகர் மூணு தடவையும் கடைசி. அவருக்கு?"

"அவர் வேணும்னு பண்ணலைம்மா. பாவம், அவருக்கு வர்றதே அவ்வளவுதான்" என்றார் நரியார். அதோடு விட்டாரா? கடைசிப் பந்தயத்துக்குப் புள்ளி பத்து மடங்கு, தனசேகர் பாதித் தடத்திலிருந்து கிளம்பலாம் என்றும் அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. வெட்கங்கெட்ட கூட்டம்!

அப்படியும் பேச்சி விடவில்லை. மூன்று கல்லையும் சுமந்துகொண்டு ஒவ்வொருவராக முந்தினாள். கடைசி வளைவில் தனசேகரை எட்டிப் பிடிக்கும்போது அவள் டயர் வெடித்தது. பிரேக் எதுவென்றே தெரியாத தனசேகர் முடிவுக்கோட்டைத் தாண்டிப் போய் வேலியில் முட்டி நின்றான். கோப்பையும் அவனுக்கே.

"இப்ப அவருக்குத்தானே கல்லு?" என்று அழுதுகொண்டே கேட்டாள் பேச்சி.

"சாம்பியனுக்குக் கல்லா? ஒரு மரியாதை வேண்டாமா?" என்று நரியார் சீறினார்.

மறுநாள் கொட்டகையில் பேச்சி அவன் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தனசேகர் கொட்டாவி விட்டபடி வந்தான்.

"நல்லா துடைச்சு மூடி வச்சிடு. கார் போரடிச்சிருச்சு. அடுத்த வருஷம் படகு. அப்பா குளம் வெட்டுறார்."

நீதி: நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்ளும் முன், நிலம் வைத்திருக்கும் அப்பாவுக்குப் பிறக்கக் கற்றுக்கொள்.