பஞ்சர் ஒட்டிய நேரத்தில் பார்த்த ஊர்

மின்விசிறிக் கம்பெனியின் புகார்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நம்மவர் ஒரு சபதம் செய்தார். மிச்சமுள்ள ஆயுளில் யார் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்பதில்லை. "உன்னையும் சேர்த்துத்தான்" என்று மனைவியிடம் சொல்ல நினைத்தார். நினைத்ததோடு சரி.

பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தலை முழுக்க நரைக்கும் வரை அதே மேஜை, அதே தொலைபேசி. எடுத்தால், "விசிறி சுத்தலை." வைத்துவிட்டு மறுபடி எடுத்தால், "விசிறி நிக்கவே மாட்டேங்குது." எல்லாவற்றுக்கும் கம்பெனி சொல்லிக் கொடுத்த பதில் ஒன்றுதான்: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவர் நாக்கிலேயே குடியேறிவிட்டது. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தாலும் வருந்துவது அவர்தான்.

சரி, வீட்டிலாவது நிம்மதி கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. மனைவி தையல்காரி. அபார்ட்மென்டின் முன்னறையில் தையல் மிஷின். அளவு கொடுக்க வருகிற பெண்கள் அளவில்லாமல் பேசுவார்கள். நம்மவர் சமையலறையில் ஒளிந்துகொண்டு செய்தித்தாள் படிப்பார்.

இப்படி இருக்கையில்தான் அந்த ஊர் அவர் கண்ணில் பட்டது. எங்கேயோ போய்விட்டுத் திரும்பும்போது பஸ் பஞ்சர். இறங்கிப் பார்த்தால் ஒரே ஒரு தெரு, நாலைந்து கடை, வரிசையாக மரங்கள். சத்தமே இல்லை. டயரை மாட்டி முடிப்பதற்குள் நம்மவர் அந்த ஊரில் மனத்தளவில் குடியேறிவிட்டார்.

"ஊர்னா அது ஊர்!" என்றார் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக. "இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். ஒரு ஆள் என்கிட்ட வாயைத் திறக்கலை!"

"எத்தனை மணிக்கு நடந்தீங்க?" மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"மத்தியானம்."

"என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை. அதுக்கென்ன இப்போ?"

"எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாங்க."

"தூங்கற ஊர்தான் எனக்கு வேணும்!"

"முழிச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

நம்மவர் பேச்சை மாற்றினார். ஆனால் மனத்தை மாற்றவில்லை. அடுத்த வாரமே வீட்டை விற்றுக் கொடுக்க ஒரு தரகரைக் கூட்டிவந்தார். தரகர் எல்லா அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்தார். துணி குவிந்து கிடந்தது.

"இதை ஸ்டோர் ரூம்னு போட்டுக்கலாமா?"

மிஷின் நின்றது. இரண்டு மகள்களைப் படிக்கவைத்து ஆளாக்கிய அறை அது. அவளைத் தேடி ஆள் வருகிற ஒரே இடமும் அதுதான். ஊர் பேர் தெரியாத இடத்தில் யார் வந்து அவளிடம் சட்டை தைக்கப்போகிறார்கள்? அவள் மிஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். நம்மவர் அதைக் கவனிக்கவில்லை. வீடு பார்க்க ஆள் வந்தால் அவர்களோடு பேச வேண்டியிருக்குமே என்று தரகரிடம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

தரகர் போனதும் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, துணி வாங்கினா நான் உடனே கத்திரி வைக்கறதில்லை, தெரியுமில்ல?"

"தெரியுமே. பக்கெட்டுல ஊறப் போட்டு என்னைக் குளிக்க விடாம பண்ணுவே."

"ஏன் ஊறப் போடறேன்? சாயம் போகுமா, சுருங்குமான்னு பாக்கத்தான். வெட்டினப்புறம் தெரிஞ்சு என்ன லாபம்? ஊரையும் அப்படித்தான் பாக்கணும். ஒரு வாரம் வாடகைக்கு இருந்து பாப்போம். ஒரு வாரம் முழுக்க உங்களுக்குப் பிடிச்சிருந்தா, நான் மறுபேச்சுப் பேசாம மூட்டை கட்டறேன்."

"பிடிக்காம போனா?"

"'போதும், வீட்டுக்குப் போலாம்'னு நீங்களே உங்க வாயால சொன்னா, அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

நம்மவருக்குச் சிரிப்பு வந்தது. நானா? போதும் என்றா? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அல்லவா இருக்கிறது! "பேச்சு மாற மாட்டியே?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வாடகை வீடு தெருவின் நடுவிலேயே அமைந்தது. இரண்டு அறை. இருமிவிட்டுத் தண்ணீர் விடுகிற குழாய். முன்பக்கம் சின்ன வராந்தா, அதில் ஒரு பிரம்பு நாற்காலி. எதிரே பேக்கரி, பக்கத்தில் சலூன், கொஞ்சம் தள்ளி மருந்துக்கடை. நம்மவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, கண்ணை மூடி, ஆகா என்றார். மனைவி ரொட்டி வாங்கிவருகிறேன் என்று எதிர்ப்பக்கம் போனாள்.

போனவள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

"ரொட்டி வாங்கப் போனியா, சுடப் போனியா?"

"கடையில ஒரே கூட்டம்" என்றாள்.

வராந்தாவிலிருந்து பார்த்தால் பேக்கரி முழுசாகத் தெரியும். உள்ளே பேக்கரிக்காரம்மாவைத் தவிர ஈ காக்கை இல்லை. கண்ணை மூடி ஆகா சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இது எப்படித் தெரியும்?

சாயங்காலம் சலூன்காரர் வந்தார். கையில் ஒரு டேபிள் ஃபேன்.

"வணக்கம் சார். நீங்க வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். இந்த ஃபேன் ஒரு மாதிரியா சத்தம் போடுது."

நம்மவர் "நான் ஓய்வு பெற்றவன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

சலூன்காரர் முகம் மலர்ந்தது. படியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். விசிறி வாங்கிய கதை, அதற்கு முன்பிருந்த விசிறியின் கதை, அதைத் தூக்கிக்கொண்டு போன மைத்துனன் கதை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் எழுந்தார். விசிறியைப் போட்டுப் பார்த்தால் அது சத்தமே போடவில்லை.

மறுநாள் காலை நம்மவர் கதவைத் திறந்தார். வராந்தாவில் வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு விசிறி. பல் கூடத் தேய்க்காமல் வருந்த ஆரம்பித்தவர் மத்தியானம் வரை வருந்தினார். விசிறிப் புகார் தீர்ந்ததும் வாழ்க்கைப் புகார் ஆரம்பமாயிற்று. மருந்துக்கடைக்காரருக்கு மாப்பிள்ளை விடுகிற குறட்டை பற்றிப் புகார். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுப்பவருக்குத் தன் மேலதிகாரி பற்றி. அந்த மேலதிகாரிக்கு டிக்கெட் கொடுப்பவர் பற்றி.

தப்பிக்க நடைப்பயிற்சி கிளம்பினார். பாதி ஊர் கூடவே நடந்தது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். பஞ்சு விற்ற மருந்துக்கடைக்காரர் "சாருக்குக் காது மந்தம்" என்று சொல்லிவிட, எல்லோரும் பக்கத்தில் வந்து கத்தினார்கள். குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். அவசரமில்லை, நிதானமா வாங்க. நான் இங்கிருந்தே சொல்றேன்."

தினமும் சாப்பிட உட்காரும்போது மனைவி ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "எப்படிங்க இருக்கு ஊரு?"

"பிரமாதம்" என்பார் நம்மவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"முகம் வாடியிருக்கே?"

"அமைதி ஜாஸ்தியாயிடுச்சு. அதான்."

அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் ஸ்டோர் ரூம் என்ற சொல் ஞாபகம் வரும். இன்னொரு ரொட்டித் துண்டை அவர் தட்டில் வைப்பாள்.

வாரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பல்லைக் கடித்தபடியே ஓட்டியிருப்பார். அன்று காலை பேக்கரிக்காரம்மா தெருவைக் கடந்து வந்தார். பின்னால் இரண்டு பேர். அவர்கள் தோளில் பேக்கரியின் சீலிங் ஃபேன், மூன்று இறக்கையோடும் அப்படியே.

"சார், இதுல ஒரு சின்ன..."

நம்மவர் உள்ளே ஓடினார். பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் போட்டார்.

"போதும், வீட்டுக்குப் போலாம்!"

"என்ன சொன்னீங்க?"

"வீட்டுக்குப் போலாம்னேன். எனக்காக இல்லை. உனக்காக. உன் தையல் வேலை கெட்டுப்போகுதேன்னு மனசு கேக்கலை. ஒரு புருஷன்னா விட்டுக்கொடுக்கணுமில்ல?"

"நீங்களே உங்க வாயால சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன். கிளம்பு!"

அவள் கிளம்பிவிட்டாள். ஆச்சரியம், அவள் பையெல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தது. வந்தபோது இல்லாத ஒரு பெரிய மூட்டையும் இருந்தது. நம்மவர் காரணம் கேட்கிற நிலையில் இல்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பஸ் ஸ்டாண்டில் ஊரே வழியனுப்ப வந்திருந்தது. பேக்கரிக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், உங்களை நெனைச்சா எங்களுக்கு மனசே ஆறலை. அக்கா முதல் நாளே எல்லாம் சொல்லிட்டாங்க. ரிட்டயர் ஆனதிலேருந்து யாரும் புகார் சொல்ல வரலையேன்னு உள்ளுக்குள்ளயே ஏங்கி இளைச்சுட்டாருன்னு. நான் சலூன்ல ஒரு வார்த்தைதான் போட்டேன், ஊரே கிளம்பிருச்சு. நல்லா ஓடற ஃபேனையெல்லாம் கழட்டி எடுத்துட்டு வந்தோம் சார், நீங்க சந்தோஷப்படணும்னு!"

நம்மவர் மனைவியைப் பார்த்தார். மனைவி டைம் டேபிளைப் படித்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் இத்தனை விசிறியைக் கழற்றியிருக்கிறார்களே என்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வாய் தானாகத் திறந்தது.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

கூட்டம் கைதட்டியது.

பஸ் ஊரைத் தாண்டியதும் அவர் வெடித்தார். "இது அநியாயம்! நீ சொல்லித்தான் அவங்க வந்தாங்க!"

"நான் ஒரே ஒருத்தர்கிட்ட, ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். நம்ம அபார்ட்மென்ட்ல சொல்லியிருந்தா பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது. சின்ன ஊருன்னா இப்படித்தாங்க. நனைச்சுப் பாத்தாச்சு இல்ல? ஊரு சாயமும் போகலை, சுருங்கவுமில்லை. சுருங்கினது நீங்கதான்."

நம்மவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போகட்டும். தோற்றால் என்ன, இனி அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம் அல்லவா? அந்த நினைப்பே இதமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மடியிலிருந்த மூட்டை உறுத்தியது.

"இதுல என்ன இருக்கு? இந்தக் கனம் கனக்குது?"

"துணி. அந்த ஊர்ல நல்லா தைக்க ஆளே இல்லையாம். எல்லாருக்கும் அளவு எடுத்துட்டேன்."

"நீ எப்போ எடுத்தே?"

"நீங்க வராந்தால புகார் கேட்டுக்கிட்டிருந்தீங்களே, அப்பத்தான். கூட்டம் சும்மா காத்துக்கிட்டுத்தானே இருந்துச்சு. இனிமே மாசாமாசம் தர்றாங்களாம்."

"தைச்சதை யார் கொண்டுபோய்க் கொடுக்கறது?"

"எனக்கு மிஷினை விட்டு நகர நேரமேது? நீங்கதான் மாசம் ஒரு தடவை போயிட்டு வரணும். ஃபேனையெல்லாம் கழட்டியே வெக்கச் சொல்லியிருக்கேன்."

நம்மவர் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. மனைவி அவர் கையை ஆதரவாகத் தட்டிக் கொடுத்தாள்.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள்.