பருந்துப் பரீட்சை

தன் தேசக் கிளிக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த ஒரே நாடு, எனக்குத் தெரிந்தவரை, எங்கள் புவேர்ட்டோ ரிக்கோதான். அந்த உயிர் பக்கத்துத் தீவிலிருந்து வரவேண்டும் என்பது மட்டும் ஒரு சிறு நிபந்தனை.

நான் 'தேசக் கிளி மாண்புக் குழு'வின் விழா அலுவலர். எங்கள் கிளியான இகுவாகா ஒரு காலத்தில் வானத்தை மறைத்துப் பறந்ததாம். காட்டை நாங்கள் வெட்டினோம். மிச்சத்தைப் புயல் பார்த்துக்கொண்டது. இப்போது காட்டில் இருப்பதைவிட மலைமேல் உள்ள கூண்டுகளில்தான் அதிகம். ஆகவே அதை 'சுதந்திரத்தின் சின்னம்' என்று அறிவித்திருக்கிறோம்.

கூண்டில் பிறந்த எங்கள் பெண் கிளிகள் மிகுந்த கண்ணியம் உள்ளவை. முட்டை இடும். ஆனால் அதன்மேல் உட்காருவதைத் தகுதிக்குக் குறைவாக நினைக்கும். அந்த வேலைக்குப் பக்கத்துத் தீவின் டொமினிக்கன் கிளிகளை வைத்திருக்கிறோம். அதே பச்சைதான், நெற்றி மட்டும் சிவப்புக்குப் பதில் வெள்ளை. அதுவும் அருகிவரும் இனம் என்கிறார்கள். அது அந்தத் தீவின் கவலை.

அவற்றில் மூத்தவள் மிலாக்ரோஸ். இந்த வருஷம் காட்டுக்குப் போகவிருந்த எட்டுக் குஞ்சுகளையும் அடைகாத்து, வாய்க்கு வாய் ஊட்டி வளர்த்தவள் அவள்தான். கூண்டு கழுவித் தீனி வைக்கும் யோகாஸ்டாவும் அதே தீவுக்காரி.

"இந்த ஊருல எங்க பொண்ணுங்களுக்கு வேற வேலையே கெடையாதா?" என்பாள். "மனுசப் புள்ளையும் நாங்கதான் வளக்கணும், கிளிப் புள்ளையும் நாங்கதான் வளக்கணும்."

நான் அதை நன்றியுரையாகவே எடுத்துக்கொண்டேன்.

காட்டுக்குப் போகுமுன் குஞ்சுகள் பருந்துப் பரீட்சையில் தேறவேண்டும். மிக நவீனமான கல்விமுறை இது. ஒரு டொமினிக்கன் கிளிக்குத் தோல் சட்டை மாட்டி, கூண்டுக்கு எதிரே ஒரு கட்டையில் காலைக் கட்டி உட்காரவைப்போம். பழக்கிய பருந்தை அதன்மேல் ஏவுவோம். தோலில் நகம் இறங்காது, ஆனால் கிளி அலறும். பருந்து வந்தால் இலையோடு இலையாக மூச்சுக் காட்டாமல் இருக்கவேண்டும் என்று கூண்டுக்குள் இருக்கும் குஞ்சுகள் புரிந்துகொள்ள வேண்டும்.

"சட்டை யாருக்கு?" என்று கேட்டாள் யோகாஸ்டா.

"மிலாக்ரோஸுக்குத்தான். அவளுக்கு அனுபவம் இருக்கு" என்றார் குழுத் தலைவி டோன்யா இரைடா.

"டோன்யா, அவ அதுங்களுக்கு அம்மா!"

"அம்மா இல்ல. ஊழியர்."

பருந்து இறங்கியது. மிலாக்ரோஸ் அலறினாள். உடனே எட்டுக் குஞ்சுகளும் பாடத்திட்டத்தை மீறிக் கம்பி வலையில் வந்து மோதின. வலைக்கு வெளியே அலகை நீட்டிக்கொண்டு அவை போட்ட கூச்சலில் பருந்தே குழம்பிப்போய், பழக்குநரின் கைக்குத் திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா, எங்க தங்கங்கள!" என்று யோகாஸ்டா சிரித்துக்கொண்டே அழுதாள்.

குழு அவசரமாகக் கூடியது. வாட்டிய பன்றியை ஒரு கை பார்த்த பிறகு, குஞ்சுகளுக்கு 'அந்நியப் பாசத் தொற்று' ஏற்பட்டிருப்பதாக ஒருமனதாக முடிவு செய்தோம்.

"வைத்தியம்?" என்று கேட்டேன்.

"கத்துனா பட்டினி. வாய மூடுனா ரெண்டு பங்கு பழம்" என்றார் தலைவி. "நாம எல்லாரும் அப்படி வளந்தவங்கதானே, எரிபெர்த்தோ?"

மிலாக்ரோஸைத் தொலைவில் ஒரு தனிக் கூண்டுக்கு மாற்றினோம். அவள் குரல் கேட்டுக் குஞ்சுகள் பதில் கொடுத்தால் அன்று பழம் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவை பண்பாடு அடைந்துவிட்டன.

மறுபரீட்சைக்கு முன் யோகாஸ்டா தோல் சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வாரு இத்துப் போச்சு, சார். தொட்டா கையோட வருது. புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"இந்த வருஷ ஒதுக்கீடு நாற்காலி உறைக்கே போயிடுச்சும்மா. பச்சைப் பட்டு."

"அப்ப அந்தப் பட்டையாவது கிழிச்சுக் குடுங்க, அவளுக்குச் சுத்தி விடுறேன். ஒங்க விருந்தாளிங்க உக்கார்ற எடத்துல நகம் படாதுல்ல?"

அவளுடைய நகைச்சுவை உணர்வை மனத்துக்குள் பாராட்டினேன்.

மறுபரீட்சையை விழாவாகவே வைத்தோம்; பந்தல் நிறைந்திருந்தது, கட்டையில் மறுபடி மிலாக்ரோஸ். பருந்து முதல்முறை இறங்கியதுமே வார் அறுந்தது. சட்டை கழன்று தரையில் விழுந்ததைப் பந்தலில் இருந்த எல்லோரும் பார்த்தோம். பருந்து மேலே போய் ஒரு வட்டம் அடித்தது. கூப்பிட்டால் கைக்கு வரும் பருந்துதான். பழக்குநர் தலைவியின் முகத்தைப் பார்த்தார்.

"சட்டை கழண்டுருச்சு! பருந்தக் கூப்பிடுங்கய்யா! யாராச்சும் கூப்பிடுங்களேன்!" என்று யோகாஸ்டா கத்திக்கொண்டே ஓடினாள். காவலர் இருவர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

தலைவி உதட்டில் விரலை வைத்தார். "ஷ்! புள்ளைங்க கவனம் செதறுது."

இந்தமுறை மிலாக்ரோஸ் அலறவில்லை. கூண்டைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். தீனி ஊட்ட அழைக்கும்போது அவள் எழுப்பும் குரல் அது. கூண்டில் ஓர் இறகுகூட அசையவில்லை. எனக்கு வாய்வரை ஒரு கத்தல் வந்தது. விழா அலுவலர் கத்த விதிகளில் இடமில்லை என்பதால் தண்ணீர் குடித்து அதை விழுங்கிக்கொண்டேன். அதற்குள் பருந்து மறுபடி இறங்கி எல்லாம் முடிந்திருந்தது.

எட்டுக் குஞ்சுகளும் முழு மதிப்பெண் பெற்றன. எங்கள் நாட்டில் நிம்மதியாக வாழ அவற்றுக்கு இனி எல்லாத் தகுதியும் உண்டு. விருந்தினர்களும் பட்டு உறை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்த நானே அதற்குச் சாட்சி. அன்றைய பரீட்சையில் தோற்றது, அதனால் வேலையையும் இழந்தது, யோகாஸ்டா மட்டும்தான். அவள் ஒருத்திதான் கத்தினாள்.