கரடி வாங்கிய பெரிய ஆணித் துப்பாக்கி

ஒரு காட்டில், மழை பிடித்தால் உள்சுவரெல்லாம் ஓதம் காக்கும் பழைய மரப்பொந்து ஒன்றில், துரைக்கண்ணு என்ற கரடியும் அவர் மனைவி செங்கமலமும் குடியிருந்தார்கள். செங்கமலத்துக்கு அப்போது நிறைமாதம்.

"என்னங்க, ஈரச் சுவரோரம் பிள்ளையைப் போட்டா சளி பிடிக்கும். மழைக்கு முன்னாடி உள்ளே பலகை அடிச்சிடுங்க" என்றாள்.

மெல்லிய பலகைகள் வந்து இறங்கின. சுத்தியலைத் தொட்டால் துரைக்கண்ணுவுக்கு ஆணியைவிடக் கட்டைவிரலில்தான் அதிகம் அடி விழும். ஆகவே, விசையை அழுத்தினால் தானே ஆணியை அடித்து இறக்கும் ஆணித் துப்பாக்கி வாங்கக் கிளம்பினார்.

"மெல்லிசு பலகைங்க. சின்னதா ஒண்ணு போதும்" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள் செங்கமலம்.

சாமான் கடை வைத்திருந்தவர் சம்பந்தம் என்ற முள்ளம்பன்றி. விஷயத்தைக் கேட்டதும், கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது பேட்டரியில ஓடும்ணே. ஊசி மாதிரி ஆணி. பலகை பிளக்காது, அடிச்ச இடமும் தெரியாது."

துரைக்கண்ணு அதையே வாங்கியிருப்பார். அந்த நேரம் பார்த்து மயில்வாகனம் என்ற புலி கடைக்குள் நுழைந்தார்.

"என்ன துரை, பிறக்கப்போற பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானா?"

துரைக்கண்ணுவின் காது சூடேறியது. "இது இல்லப்பா. அதோ மேல்தட்டுல இருக்கே, அதை எடு."

"அண்ணே, அது கூரைச் சட்டம் அடிக்கிறது. காத்தை அழுத்திக் கொடுக்கத் தனியா கம்ப்ரஸர் வேணும். ஆணி விரல் நீளம் இருக்கும்."

"யார் விரல்?"

"உங்க விரல்ணே."

"அப்ப சரி, கட்டு."

கரடி தெருமுனை தாண்டியதும், புலி குரலைத் தாழ்த்தி, "அந்தச் சின்னதுல இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

வீட்டில் முதல் ஆணி டமாரென்று பாய்ந்தது. பலகையைப் பிளந்து, பொந்துச் சுவரையும் துளைத்து வெளியே போய் நின்றது. இரண்டாவது சரியாகப் போகும் என்று அடித்தார்; அதுவும் வெளியே போனது. மூன்றாவதும் அப்படியே. ரோஷத்தில் எல்லாப் பலகையையும் அடித்து முடித்தார்.

செங்கமலம் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நம்ம வீடு சம்பந்தத்தோட சித்தப்பா மாதிரி முள்ளா நிக்குது. இந்த வீட்டுலயா என் பிள்ளை பிறக்கணும்?"

"கடையில சின்னது ஸ்டாக் இல்லை" என்றார் துரைக்கண்ணு. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் வெளியே போய் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

மழை பிடித்தது. பெண்குட்டி பிறந்தது. கூடவே கொசுவும் வந்தது. காடு முழுக்கப் பிள்ளைகள் அழுதன. அவர்கள் குட்டியின் மூக்கும் வீங்கிப்போனது.

ஒரு மாலை, புயலில் ஆலமரத்தைப் பறிகொடுத்த வௌவால் கூட்டம் வாசலில் வந்து நின்றது. "ஐயா, இருந்த இடம் போச்சு. உங்க ஆணியில தொங்கிக்கலாமா?"

"தொங்குங்க. வேற எதுக்கும் அது உதவலை" என்றார் துரைக்கண்ணு.

வந்த வௌவால்கள் கொசுவைப் பிடித்துத் தின்றே வயிறு வளர்த்தன. நாலைந்து நாளில் அந்தப் பக்கம் ரீங்காரமே இல்லை. குட்டி வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

சின்ன ஆணி அடித்த மயில்வாகனத்தின் வீட்டுச் சுவரோ கண்ணாடி போல வழவழப்பு; வௌவால் தொங்க அதில் ஒரு பிடி இல்லை. அவர் பிள்ளைகள் கொசு கடித்த முதுகை அதில் தேய்த்துச் சொறிந்துகொண்டிருந்தன. பொறுக்க முடியாமல் புலி கரடியைத் தேடி வந்தார்.

"எப்படி துரை இதையெல்லாம் முன்கூட்டியே யோசிச்சே?"

துரைக்கண்ணு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் குட்டிக்குத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "சொல்லுங்க, நானும் கேட்டுக்கறேன்" என்றாள்.

"அதுக்குத்தானே பெரிசா வாங்கினது" என்றார் அவர்.

இப்போது துரைக்கண்ணு தினமும் சம்பந்தத்தின் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறார். சின்னத் துப்பாக்கிகள் தூசி படிந்து கிடக்கின்றன. முயல்கூட பெரியதைத்தான் தூக்க முடியாமல் தூக்கிப் போகிறது.

நீதி: எந்தக் கருவியை வாங்குவது என்று மூளையைக் கசக்காதே. வாங்கு, அடி, என்ன ஆகிறது என்று பார். பிறகு அதற்காகவே வாங்கினேன் என்று சொல்.