வத்தல் மூட்டையும் மலேரியா மருந்தும்

மலேரியா ஆபீசரே, நீங்கள் சொன்ன கணக்கு தப்பு. எங்கள் ஊர்க் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, வீட்டுக்குள் சுவரில் மருந்து அடிப்பதுதான் மலேரியாவை ஒழிக்கச் சிக்கனமான வழி என்றீர்கள். மருந்து விலை, ஆள் கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் சேர்த்தீர்கள். காலையில் வீட்டுச் சாமானை எல்லாம் தெருவுக்குத் தூக்கிவந்து, சாயங்காலம் திரும்ப உள்ளே கொண்டுபோகும் பொம்பளைகளின் கூலியைச் சேர்க்கவில்லை. (நாங்கள் கூலிக்கு வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுத்தான் தூக்கினோம். அந்தச் சம்பளத்தை நீங்களா கொடுத்தீர்கள்?)

உங்களை முதலில் நம்பிய முட்டாள் நான்தான். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் ஆடு மேய்க்கிறவர். அவருக்கு மலேரியா வந்து, கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் கட்டிலே ஆடும்படி நடுங்கினதைப் பார்த்திருந்தேன். மறுபடியும் அவருக்கு அது வரக் கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வீடு வீடாகப் போய் மருந்தின் அருமையைப் பேசினேன். அந்தப் பேச்சுக்கு எலெக்‌ஷனில் நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன்.

மருந்து அடிக்கிறவர் வந்த அன்று, முதல் வீடாக எங்கள் வீட்டைத் திறந்துவிட்டேன். பரணில் இருந்த வத்தல் மூட்டைகளைத் தவிர எல்லாச் சாமானும் தெருவில் கிடந்தது. விலை ஏறட்டும் என்று மாமனார் சேர்த்து வைத்திருந்த மிளகாய் வத்தல் அது. எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பழைய சேலையை எடுத்து மூட்டைகள் மேல் போர்த்தினேன்.

"மூட்டைய சுவத்த விட்டுக் கொஞ்சம் தள்ளி வைங்க தாயி, மருந்து பட்டுரும்" என்றார் அவர்.

"இந்தா, தள்ளுதேன் அண்ணாச்சி" என்று ஏணியில் ஏறி ஒரு மூட்டையை வீரமாக இழுத்தேன். அதன் அடியை எலி கடித்து வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மொத்த வத்தலும் விதையும் தூசியுமாக அவர் தலையில் கொட்டியது. அவர் பிடித்திருந்த குழாய் நிற்கவில்லை. வத்தல் குவியல், சேலை, நான் என்று எல்லாவற்றுக்கும் மருந்து அடித்தது. அப்புறம் அவர் இருமிக்கொண்டே வெளியே ஓடித் தெருவில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் திறக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா அவரைப் பார்த்தாள்.

"ஏட்டி, அடிக்க வந்த ஆளே உசிருக்குப் போராடுதாரு. எங்க வீட்டுல பச்சப்பிள்ள கெடக்கு. எங்களுக்கு வேண்டாம்."

'மருந்து இல்லக்கா, வத்தல்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இருமல். தும்மல். கூடவே மூக்கு ஒழுகியது. அதைப் பார்த்தபிறகு தெருவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. காலையெல்லாம் முனகிக்கொண்டு வெளியே வந்த சாமான்கள் கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே போயின. கதவுகள் சாத்திக்கொண்டன.

நான் கொடுத்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு அவர் சொன்னார்: "கொசு செத்தாலும் சாவாட்டாலும், நான் இன்னிக்குத் தப்பிச்சது பெரிசு தாயி." பாவம், அதற்கப்புறமும் உள்ளே போய் எங்கள் வீட்டை மட்டும் அடித்து முடித்தார்.

மருந்து பட்ட வத்தலை மாமனார் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தார்.

பொழுது சாய என் வீட்டுக்காரர் வந்தார். வீங்கிய கண்ணோடு வாசலில் நின்று சொன்னேன்: "தெருவுல ஒருத்தரும் அடிக்க விடல. போகட்டும். நம்ம வீட்டுல அடிச்சாச்சு. இனி நீங்க கவலையில்லாமப் படுக்கலாம்."

அவர் கையிலிருந்த கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நான் எங்கட்டி வீட்டுல படுக்கேன்? கிடையிலல்லா படுக்கேன்."

ஆமாம். புழுக்கை உரமாகட்டும் என்று ராத்திரி ஆடுகளை மடக்கிக் கிடை போடும் விளைநிலத்தில், ஆட்டோடு ஆடாக, வெட்டவெளியில்தான் அவர் படுப்பார். தினமும் அவருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறவளே நான்தான். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன எனக்கு இது மட்டும் தோன்றவில்லை.

அவர் சிரிக்கவில்லை. தோள் துண்டை நனைத்து என் கண்ணில் வைத்து, "எனக்காவயாட்டி இம்புட்டும்?" என்று கேட்டார். அதற்கப்புறம்தான் சிரித்தார். இன்னும் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் யார் இருமினாலும், "உங்கம்மா மருந்து அடிக்காளா?" என்று பிள்ளைகளிடம் கேட்கிறார்.

நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் மருந்து அடித்த அந்த வருஷமே மழை முடிந்ததும் அவருக்கு அதே காய்ச்சல் திரும்ப வந்தபோது இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நான் புத்தி கெட்டவள், மறந்துவிட்டேன். நீங்கள் படித்தவர் ஆபீசரே. சுவரே இல்லாத இடத்தில் படுக்கிறவருக்கு எந்தச் சுவரில் மருந்து அடிப்பீர்கள்? அடுத்த கிராம சபையில், ஆட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.